ப்ளூடூத் ஸ்பீக்கர் கட்டப் போகிறீர்களா? முதலில் ஆண்டெனாவுக்கு இடம் போடுங்கள்

நான் கட்டிய முதல் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குள் இருந்தது. மூடியில் வட்டமாக வெட்டி மூன்று அங்குல ஸ்பீக்கரை உட்கார வைத்து, உள்ளே ஒரு 18650 லித்தியம் பேட்டரி, ஆம்ப்ளிஃபையர் போர்டு, ப்ளூடூத் மாட்யூல் எல்லாவற்றையும் ஹாட் க்ளூ போட்டு ஒட்டியிருந்தேன். மேஜையில் திறந்து வைத்து ஓட்டியபோது போனை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனாலும் பாட்டு நிற்கவில்லை. மூடியை மாட்டியதும் இரண்டு அடி நகர்ந்தாலே விக்கல். ஒரு வாரம் முழுக்க புரோகிராமைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், பஃபரை (பாட்டை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் நினைவகத்தை) ஏற்றினேன், இறக்கினேன், மாட்யூலையே மாற்றினேன். பிரச்சினை டப்பாவில் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் மைக்ரோவேவ் அவன் ஏன் அலையை வெளியே விடுவதில்லை என்று யாராவது கேட்டால் உடனே விளக்கம் சொல்லியிருப்பேன்.

மைக்ரோவேவ் அவனும் ப்ளூடூத்தும் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசை. அவன் 2.45 கிகாஹெர்ட்ஸ், ப்ளூடூத் 2.402 முதல் 2.480 கிகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் சுமார் 12.3 சென்டிமீட்டர். அவன் கதவில் இருக்கும் குட்டிக் குட்டி ஓட்டைகள் வழியே வெளிச்சம் வரும், உள்ளே சாதம் சுற்றுவது தெரியும், ஆனால் 12 சென்டிமீட்டர் அலை அதில் நுழையாது. என் டிபன் பாக்ஸிலும் அதே கதைதான். ஸ்பீக்கருக்காக வெட்டிய பெரிய ஓட்டையை ஸ்பீக்கரின் இரும்புச் சட்டமே அடைத்துவிட்டது. மிச்சம் இருந்தது சார்ஜர் வயருக்கு விட்ட சின்ன ஓட்டை மட்டும்.

அதனால் இந்த வேலையை நான் இப்போது தலைகீழாகச் செய்கிறேன். பெட்டி, ஸ்பீக்கர், ஆம்ப் எல்லாம் அப்புறம். பேப்பரில் பெட்டியை வரைந்து, ஆண்டெனா எந்த மூலையில் இருக்கும், அதைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக இருக்கும் என்று முதலில் குறிப்பேன். மீதி சாமான்கள் மிச்ச இடத்தில் இருந்துகொள்ளட்டும்.

எந்த சிப்

இங்கேயே பலர் பணத்தை விடுகிறார்கள். இஎஸ்பி32 (ப்ளூடூத்தும் வைஃபையும் உள்ள, நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய சிப்) என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் நாலைந்து வகை எடுத்துப் போடுவார்கள். புதுசு நல்லது என்று நினைத்து எஸ்3 அல்லது சி3 வாங்கிவிடாதீர்கள். அவற்றில் இருப்பது குறைந்த மின்சார ப்ளூடூத் மட்டும். போனிலிருந்து பாட்டு வருவது ஏ2டிபி என்ற வழியில், அதற்குப் பழைய கிளாசிக் ப்ளூடூத் வேண்டும். அது இருப்பது முதலில் வந்த இஎஸ்பி32 குடும்பத்தில், அதாவது ரூம்-32 (WROOM என்று எழுதியிருக்கும்), ரூம்-32இ மாதிரி மாட்யூல்களில். எஸ்3 வேகமான சிப், நினைவகமும் அதிகம், ஆனால் இந்த வேலைக்கு ஆகாது. நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் டிராயரில்தான் கிடக்கிறது.

புரோகிராம் எழுத விருப்பமே இல்லை என்றால் ரெடிமேட் ப்ளூடூத் ஆடியோ போர்டு வாங்கலாம், தப்பில்லை. ஆண்டெனா, பவர் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் அப்படியே பொருந்தும்.

பெட்டி உலோகம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) ரூம்-32யூஇ வாங்குங்கள். அதில் போர்டிலேயே அச்சிட்ட ஆண்டெனா இருக்காது, குட்டி கனெக்டர் இருக்கும். அதிலிருந்து மெல்லிய கேபிளை இழுத்து ஆண்டெனாவைப் பெட்டிக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் வைத்துவிடலாம். என் டிபன் பாக்ஸ் கடைசியில் இப்படித்தான் பிழைத்தது. பக்கவாட்டில் ஒரு பழைய ஷாம்பூ பாட்டில் மூடி ஒட்டிக்கொண்டிருக்கும், பார்ப்பவர்கள் அதை வால்யூம் குமிழ் என்று நினைத்துத் திருகிப் பார்ப்பார்கள்.

ஆண்டெனாவுக்கு என்ன வேண்டும்

மாட்யூலின் ஒரு ஓரத்தில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடு தெரிகிறதல்லவா, அதுதான் ஆண்டெனா. கால் அலைநீளம் என்றால் சுமார் 31 மில்லிமீட்டர், அதை இடத்துக்காக மடித்து வைத்திருக்கிறார்கள். அது தனியாக வேலை செய்வதில்லை. போர்டில் உள்ள கிரவுண்ட் செம்புதான் (பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த செம்புப் பரப்பு) அதன் மறுபாதி. ஆண்டெனாவுக்கு நேர் கீழேயும் பக்கத்திலும் செம்பு இருக்கக் கூடாது, ஆனால் மாட்யூலின் மற்ற பக்கத்தில் நல்ல அகலமான கிரவுண்ட் இருந்தே ஆக வேண்டும். கிரவுண்டை ஒல்லியான ஒரு வயரில் கொடுத்துவிட்டு ஆண்டெனா சரியில்லை என்று சொல்லிப் பிரயோஜனமில்லை.

உங்கள் போர்டின் விளிம்புக்கு வெளியே ஆண்டெனா பகுதி நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்யூலை வையுங்கள். அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் ஆண்டெனாவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 15 மில்லிமீட்டருக்கு ஒன்றும் வேண்டாம். செம்பு, ஸ்க்ரூ, பேட்டரி, ஸ்பீக்கர் வயர் எதுவும். பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். 18650 என்பது 65 மில்லிமீட்டர் நீளமுள்ள இரும்பு உருளை. அதை ஆண்டெனாவுக்கு இணையாகப் பக்கத்தில் படுக்க வைத்தால் மூடியில்லாமலே ஒரு டிபன் பாக்ஸ் தயார்.

பெட்டியின் பொருளும் கணக்கில் வரும். பிளாஸ்டிக்கும் காய்ந்த மரமும் அலையை விடும், ஆனால் ஆண்டெனாவை ஒட்டி இருந்தால் அதன் அலைவரிசையைக் கீழே இழுக்கும். அதனால் சுவருக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டராவது காற்று விடுங்கள். பிளாஸ்டிக் பெட்டிக்கு வெள்ளி பெயின்ட் அடித்து அழகு பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மினுமினுப்பு பெரும்பாலும் அலுமினியத் தூள்.

எவ்வளவு தூரம் எட்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கஷ்டமில்லை. ப்ளூடூத் கருவிகளை அனுப்பும் சக்தியை வைத்து வகுப்பு பிரிக்கிறார்கள். நிறைய போன்கள் சேரும் இரண்டாம் வகுப்பில் அதிகபட்சம் 4 டிபிஎம் (ரேடியோ சக்தியை டெசிபெலில் சொல்லும் அலகு), அதாவது 2.5 மில்லிவாட். வெட்டவெளியில் 10 மீட்டர் போவதற்குள் 60 டெசிபெல் கரையும் (10 டெசிபெல் குறைந்தால் சக்தி பத்தில் ஒரு பங்கு). ஆக வந்து சேர்வது மைனஸ் 56 டிபிஎம். ப்ளூடூத் விதிப்படி ரிசீவர் மைனஸ் 70 வரையாவது கேட்க முடிய வேண்டும். கையில் மிச்சம் 14 டெசிபெல், நல்ல சிப்பாக இருந்தால் இன்னும் கூட. போனைப் பின் பாக்கெட்டில் போட்டுத் திரும்பி நின்றால் உடம்பே நடுவில் வருகிறது, நாம் பாதிக்கு மேல் தண்ணீர், தண்ணீருக்கு இந்த அலை மேல் ரொம்ப ஆசை. பத்துப் பதினைந்து டெசிபெல் அதிலேயே போய்விடும். ஒரு செங்கல் சுவர் வந்தால் இன்னும் கொஞ்சம். இதற்கு மேல் ஆண்டெனாவை நாமே மூலையில் அமுக்கி வேறு ஒரு பத்து டெசிபெலைத் தின்றால் என்ன மிஞ்சும்?

அளக்கக் கருவி வேண்டுமா என்றால், மாட்யூல் வாங்குபவருக்கு வேண்டியதில்லை, அதற்குள் எல்லாம் பொருத்தித்தான் வருகிறது. ஆண்டெனாவைத் தானே வரையப் போகிறவருக்கு மட்டும் விஎன்ஏ (ஆண்டெனா எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியை ஏற்கிறது என்று அளக்கும் கருவி) வேண்டும், அதுவும் விலை குறைவு என்று பழைய நானோவிஎன்ஏ வாங்கிவிடாதீர்கள், அது 900 மெகாஹெர்ட்ஸுக்கு உருவானது, இழுத்துப் பிடித்தாலும் 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வி2 வகைதான் இதற்கு ஆகும். வரையும்போது ஆண்டெனாவுக்கு முன்னால் π என்ற கிரேக்க எழுத்தின் வடிவத்தில் மூன்று குட்டி பாகங்களுக்கு இடம் விட்டு வையுங்கள், பிறகு கெபாசிட்டரோ காயிலோ போட்டு, ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓமுக்குக் கொண்டு வரலாம். ரிட்டர்ன் லாஸ் (ஆண்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்புவது எவ்வளவு குறைவு என்ற அளவு) 10 டெசிபெல் வந்தால் 90 சதவீத சக்தி உள்ளே போகிறது என்று அர்த்தம், அத்தோடு விட்டுவிடுங்கள். டியூன் செய்வது பெட்டியை மூடிய பிறகு, பேட்டரி உள்ளே இருக்கும்போது. மேஜையில் திறந்து வைத்து டியூன் செய்தது பெட்டிக்குள் போனதும் மாறிவிடும்.

விஎன்ஏ இல்லாதவருக்கு ஒரு குறுக்கு வழி. அதே இஎஸ்பி32-இல் தற்காலிகமாக ஒரு ப்ளூடூத் பீக்கன் (விடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும்) புரோகிராமை ஏற்றுங்கள், புரோகிராம் எழுதும் ஆர்டுயினோ மென்பொருளின் உதாரணங்களிலேயே இருக்கிறது. போனில் ஏதாவது ப்ளூடூத் ஸ்கேனர் ஆப் போட்டால் சிக்னல் எத்தனை டிபிஎம் என்று எண் காட்டும். மூன்று மீட்டர் தள்ளி ஒரு ஸ்டூலில் போனை வைத்துவிட்டு, கையில் பிடிக்காமல், திறந்த போர்டை முதலில் அளந்து, பிறகு பெட்டிக்குள் வைத்து, பிறகு மூடி மாட்டி அளந்து எழுதுங்கள். எண் தாவிக்கொண்டே இருக்கும், இருபது தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். என் டிபன் பாக்ஸில் திறந்திருந்தபோது மைனஸ் 58, மூடி போட்டதும் மைனஸ் 84. ஷாம்பூ மூடிக்கு மாறிய பிறகு மைனஸ் 61. இந்த மூன்று எண்ணும் முதல் நாளே கையில் இருந்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பவர்

லித்தியம் செல் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட், பெரும்பாலான நேரம் 3.7 பக்கம், காலியாகும்போது 3. இஎஸ்பி32-க்கு 3.3 வோல்ட் வேண்டும், 3.0-க்குக் கீழே போகக் கூடாது. ரெகுலேட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் சிப்) என்றதும் கை தானாக ஏஎம்எஸ்1117-ஐ எடுக்கும், எல்லா டெவலப்மென்ட் போர்டிலும் அதுதானே இருக்கிறது. அது 5 வோல்ட் யுஎஸ்பிக்கு சரி. தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் பேர்வழி அது, 3.7 கொடுத்தால் 2.6 தரும். செல் நிறைந்திருக்கும்போது எப்படியோ ஓடி, அரைமணி நேரத்தில் தானாக ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும் ஸ்பீக்கர் என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். ஏபி2112 மாதிரி, 600 மில்லிஆம்பியர் தந்தும் கால் வோல்ட் அளவே விழுங்கும் ரெகுலேட்டர் போடுங்கள். 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று சிப் தயாரித்தவர்களே சொல்கிறார்கள், சராசரியாக 100 சொச்சம்தான் இழுத்தாலும் ரேடியோ விழிக்கும் நொடியில் திடீரென்று தாவும். மாட்யூலின் பவர் காலை ஒட்டி 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, 100 நானோஃபாரட் ஒன்று. ஒட்டி என்றால் உண்மையிலேயே ஒட்டி, இரண்டு அங்குல வயர் முனையில் அல்ல.

சார்ஜருக்கு டிபி4056 போர்டு போதும், செல் பாதுகாப்பு ஐசியும் சேர்ந்து வரும் வகையாக வாங்குங்கள், ஆறு பேட் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம். டிபி4056 ஐசி, சார்ஜ் கரண்ட் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கியதும் நிறுத்திக்கொள்ளும். போர்டு வரும்போது 1 ஆம்பியருக்கு அமைந்திருக்கும், அப்படியானால் 100 மில்லிஆம்பியரில் நிறுத்த வேண்டும். ஸ்பீக்கர் ஆனில் இருந்தால் இஎஸ்பி32 மட்டுமே 100-க்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கிறது. சார்ஜருக்கு இது தெரியாது, செல் இன்னும் குடிக்கிறது என்று நினைத்து ராத்திரி முழுக்க சிவப்பு விளக்கோடு 4.2 வோல்ட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும். செல்லுக்கு அது நல்லதல்ல. பி-சேனல் மாஸ்ஃபெட் ஒன்றும் ஷாட்கி டயோடு ஒன்றும் போட்டு, யுஎஸ்பி செருகியதும் லோடு (ஸ்பீக்கரின் மீதி சர்க்யூட்) அங்கிருந்து இழுக்கும்படி செய்யலாம். சோம்பலாக இருந்தால் சார்ஜ் போடும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள், நான் அப்படித்தான். போர்டில் உள்ள 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை 2 கிலோ ஓமாக மாற்றினால் சார்ஜ் 580 மில்லிஆம்பியர் பக்கம் வரும், மூடிய பெட்டிக்குள் சூடு குறையும்.

சத்தம்

ஆம்புக்கு மேக்ஸ் 98357ஏ. டிஜிட்டலாகவே, ஐ2எஸ் என்ற டிஜிட்டல் ஆடியோ இணைப்பு வழியே மூன்று வயரில் பாட்டை வாங்கி நேராக ஸ்பீக்கரை ஓட்டும், நடுவில் அனலாக் வயரே இல்லாததால் இரைச்சல் நுழைய ஒரு வாசல் குறைவு. 2.5 முதல் 5.5 வோல்ட் வரை எடுக்கும் என்பதால் செல்லிலிருந்தே நேரடியாகக் கொடுக்கலாம். 5 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 வாட், செல்லின் 3.7-இல் ஒன்றரை வாட் பக்கம் வரும். பாதியாகிவிட்டதே என்று உடனே வோல்ட்டேஜை ஏற்றும் பூஸ்ட் கன்வர்ட்டர் வாங்க ஓடாதீர்கள். சக்தி இரண்டு மடங்கானால் சத்தம் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவே. அந்த 3 டெசிபெலை 85-க்குப் பதில் 88 டெசிபெல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர் வாங்கினால் இனாமாகப் பெறலாம். பூஸ்ட் போட்டால் அதன் சுவிட்சிங் இரைச்சலைக் கட்டி மேய்ப்பது தனி வேலை.

ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் உண்டு. பழைய ரேடியோ பழக்கத்தில் கறுப்பு வயரை கிரவுண்டில் சேர்த்துவிட்டால் ஆம்ப் காலியாகலாம். இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக, ஆண்டெனாவுக்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டு போங்கள். இந்த மாதிரி கிளாஸ்-டி ஆம்ப் உள்ளுக்குள் நிமிடத்துக்கு நிமிடம் என்ன, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகிறது, நீளமான ஸ்பீக்கர் வயர் அதை அப்படியே ஒலிபரப்பும்.

பாட்டு நிற்கும்போது டிக் டிக் என்றோ ஸ்ஸ் என்றோ கேட்கிறதா? நோக்கியா காலத்தில் கால் வருவதற்கு முன் பக்கத்து ரேடியோவில் டிட்-டிடிட் என்று அடிக்குமே, ஜிஎஸ்எம் போன் நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு அனுப்பியதன் சத்தம் அது. இங்கே நடப்பதும் அதன் தம்பிதான். ரேடியோ விட்டு விட்டு கரண்ட் இழுக்கும்போது கிரவுண்ட் வயரில் வோல்ட்டேஜ் ஆடுகிறது, அதே கிரவுண்டில் ஆம்பும் தொங்கினால் காதில் விழுகிறது. ஆம்புக்கும் மாட்யூலுக்கும் தனித்தனி கிரவுண்ட் வயர் பேட்டரி முனையிலிருந்தே இழுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோர்க்காதீர்கள். ஆம்பின் சப்ளையில் 470 மைக்ரோஃபாரட் ஒன்று போடுங்கள். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு இரைச்சல் இந்த இரண்டில் போய்விடும்.

புரோகிராம் பற்றி எழுத அதிகமில்லை. ஆர்டுயினோவுக்கு ஏ2டிபி லைப்ரரி இருக்கிறது, பின் எண்கள் மூன்றைக் கொடுத்து, ஸ்பீக்கருக்கு ஒரு பெயர் வைத்தால் பத்து வரியில் பாடும். பக்கத்து வீட்டுப் பையன் தன் போனை இணைத்துவிடுவான், அதனால் பெயரில் உங்கள் தெருப் பெயரை வைக்காதீர்கள். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: போனில் பாட்டு புறப்பட்டு ஸ்பீக்கரில் ஒலிக்க இருநூறு மில்லிசெகண்ட் போல ஆகும். பாட்டுக்குப் பரவாயில்லை, சினிமாவுக்கு நிறைய ஆப்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளிக்கும். கேமுக்கு அந்த வித்தை நடக்காது, சுட்ட பிறகுதான் சத்தம் வரும். பஃபரைக் கூட்டினால் விக்கல் குறையும், தாமதம் கூடும்.

சோதிப்பது வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில். வைஃபை ஓட வேண்டும், மைக்ரோவேவ் அவன் ஓட வேண்டும், யாராவது வீடியோ பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ப்ளூடூத் 79 சானல்களில் நொடிக்கு 1600 தடவை வரை தாவித் தாவிப் போவதால் கொஞ்சம் நெரிசலைச் சமாளிக்கும், ஆனால் எவ்வளவு என்பது இப்படி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். போனைப் பின் பாக்கெட்டில் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் நடந்து, அங்கேயே பத்து நிமிஷம் நில்லுங்கள். பேட்டரி சோதனைக்கு 2600 மில்லிஆம்பியர்-மணி செல் என்றால் சுமார் 9.4 வாட்-மணி, சாதாரண வால்யூமில் மொத்தம் ஒரு வாட் பக்கம் இழுக்கும், எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது.

வீட்டுக்குக் கட்டுவதோடு நிறுத்தினால் இவ்வளவுதான். இந்தியாவில் விற்கப் போகிறீர்கள் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ஒன்றுமே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் இடிஏ என்ற சான்று எடுக்க வேண்டும், ப்ளூடூத் ஸ்பீக்கர் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் கட்டாயப் பதிவுப் பட்டியலிலும் இருக்கிறது, செல்லுக்கு அதற்கான ஐஎஸ் 16046 குறியும் பார்த்து வாங்க வேண்டும். மாட்யூல் வாங்கும்போதே அதற்கு இடிஏ எடுத்திருக்கிறார்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள், முழிப்பார், அப்போது வேறு கடை பாருங்கள்.